துப்பாக்கி கொண்டை போட்ட ஊர்

ஓடைக்குப்பத்தில் ஒரு புதன்கிழமை காலை, சுலோசனா வீட்டுச் சுவரில் ஆறு வருஷமாக ஒரே மாதிரி தொங்கிக்கொண்டிருந்த படத்தில், அவள் மகன் கையிலிருந்த துப்பாக்கி கொண்டை போட்டுக்கொண்டது. முந்தின நாள் வரை மொட்டையாக இருந்த துப்பாக்கி அது. பல் தேய்த்துக்கொண்டே வந்தவள் படத்தைப் பார்த்தாள், வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பார்த்தாள், சேலை மாற்றிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தாள், அப்புறம் என் பஸ்ஸில் ஏறி, "எம் பையன் துப்பாக்கி கொண்ட போட்டுக்கிச்சு" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கொண்டை என்று அவள் சொன்னது துப்பாக்கியின் மேல் வைத்துத் தூரத்தைப் பார்க்கிற குழாய்க் கண்ணாடியை. இவளுக்காக நான் நான்கு நிமிஷம் நிற்க வேண்டியிருந்தது, அன்றைக்கு எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

என் பெயர் பரந்தாமன். ஆம்பூர் ரோட்டில் இருக்கும் ஒரு ஷூ கம்பெனிக்கு இந்த ஊரிலிருந்து இருபத்தெட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது என் வேலை. ஆறு நாற்பதுக்கு அரசமரத்தடியில் வண்டி நிற்கும், இரண்டு தடவை ஹாரன் அடிப்பேன், இரண்டு நிமிஷம் பார்ப்பேன், வராதவள் டவுன் பஸ்ஸில் வரட்டும் என்று கிளம்பிவிடுவேன். இதனால் எனக்குச் சிடுமூஞ்சி என்று ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயரில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

ஊரில் வீட்டுக்கு ஒரு ஆண் பட்டாளத்தில் இருந்தான், வீட்டுக்கு ஒரு பெண் ஷூ கம்பெனியில் இருந்தாள். எனக்கும் பதினெட்டு வயதில் பட்டாளத்து ஆசை வந்தது, ஆள் எடுக்கும் மைதானத்தில் என் ஈரக்காலைத் தரையில் பதிக்கச் சொல்லிப் பார்த்த டாக்டர், பாதம் தட்டை, போ என்று அனுப்பிவிட்டார். அதனால் என் வீட்டுச் சுவரில் காலண்டர் மட்டும்தான். மற்ற வீடுகளில் எல்லாம் வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒரு படம் இருக்கும், பையன் முதன்முதலாக எல்லைக்குப் போனதும் துப்பாக்கியை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு எடுத்து அனுப்பிய படம், அதைப் பெரிசு பண்ணிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள், வெளியே போகும்போதெல்லாம் சட்டத்தின் கீழ் ஓரத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போவார்கள். பூ மட்டும் அதன் கிட்டே போகக் கூடாது. பூப் போட்ட படம் வேறு வகை என்பதால், சாமிக்கு வாங்கிய பூவைக்கூட அந்தச் சுவரைத் தாண்டும்போது முந்தானையில் மறைத்துக்கொண்டுதான் போவார்கள்.

சுலோசனா வீட்டுக்குப் பிறகு அந்த வாரத்திலேயே ஊரின் எல்லாச் சுவர்களிலும் அது நடந்தது. யசோதாவின் தம்பி துப்பாக்கிக்குத் தாடி முளைத்தது, அதாவது முன்னால் நீட்டுகிற கையால் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு பிடி வந்து சேர்ந்தது. சம்பங்கி வீட்டுக்காரனின் துப்பாக்கி வெள்ளைத் துணியால் முக்காடு போட்டுக்கொண்டது. கஸ்தூரியின் அண்ணன் துப்பாக்கி, கையுறையிலிருந்து வெட்டிய ஒரு ரப்பர் விரலை மூக்கில் மாட்டிக்கொண்டது. ஒன்றுக்குக் கன்னத்தில் மூக்குத்தி மாதிரி ஒரு சின்ன விளக்கு வந்தது, ஒன்றுக்கு மடக்குகிற இரண்டு கால்கள் வந்தன. படத்தில் முகம் மாறவில்லை, சட்டை மாறவில்லை, பின்னால் நின்ற மலையோ மணல்மூட்டையோ மாறவில்லை. எங்கோ பெயர் சொல்லக் கூடாத ஒரு இடத்தில் அந்தத் துப்பாக்கிக்கு எதைக் கட்டினார்களோ, எதைக் கழற்றினார்களோ, அது ஓடைக்குப்பத்துச் சுவரில் விடியற்காலையில் வந்து உட்கார்ந்தது.

வேறு ஊராக இருந்தால் பூசாரியைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் செக்கிங் டேபிள் பெண்கள். ஒரு நாளைக்கு எண்ணூறு ஷூவைக் கையில் வாங்கி, கட்டைவிரலைத் தையல்மேல் ஓட்டி, எந்தத் தையல் லூஸ், எந்த மெஷினில் ஊசி மழுங்கியது, தைத்தவள் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாளா என்பதுவரை சொல்லிவிட்டு, சரியாக இருந்தால் உள்ளே தன் நம்பர் முத்திரையைக் குத்தி அனுப்புகிறவர்கள். ஆச்சரியப்பட அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை, எது மாறியிருக்கிறது என்று பார்க்கத்தான் நேரம் இருந்தது. முக்காடு போட்டால் பனி, மூக்கை மூடினால் மணற்காற்று, கோணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டால் காடு, கால் முளைத்தால் ஓரிடத்தில் படுத்துக் காத்திருக்கிறான், கொண்டை வந்தால் எதிரில் யாரோ இருக்கிறார்கள். அந்த மலைக்கு மேலே செல்போன் வெறும் டார்ச் லைட்தான் என்று பையன்களே சொல்லியிருந்தார்கள், அதனால் மூன்று மாதத்தில் எங்கள் பெண்கள் துப்பாக்கியைத் தினசரிப் பேப்பர் மாதிரி படிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

அதோடு ஊரின் நிம்மதி போயிற்று. முன்பெல்லாம் ஒரு தடவை தொட்டுவிட்டு வேலையைப் பார்த்தவர்கள், இப்போது உலையில் அரிசியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தார்கள், குழம்பைக் கிளறிவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தார்கள், படியிறங்கித் தெருவுக்கு வந்தபின் செருப்போடு திரும்பி ஓடினார்கள், நான் ஹாரன் அடித்தால் "இருண்ணா, கொண்ட கழண்டுச்சான்னு பாத்துட்டு வரேன்" என்றார்கள். கொண்டை இருக்கும் வரை சுலோசனா கறி சமைக்கவில்லை. பெண் கொடுக்க வந்தவர்கள் மாப்பிள்ளை ஜாதகத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சுவரைக் காட்டச் சொன்னார்கள், துப்பாக்கிக்குச் சுற்றியிருந்த டேப் பிசிறில்லாமல் இருந்தால் பையன் பொறுமைசாலி என்று தட்டு மாற்றினார்கள்.

ஊரின் பெரிய பட்டாளக்காரர் வேம்புலி, கேப்டனாக ஓய்வு பெற்றவர், இதில் இரண்டு விஷயத்தால் மனம் நொந்துபோனார். முதலாவது, பெண்கள் கொண்டை, தாடி, மூக்குத்தி என்று பேசுவது. அவர் வீடு வீடாகப் போய்ச் சரியான பெயர்களைச் சொல்லிக் கொடுத்தார், ஆனால் அவர் கற்ற துப்பாக்கி முப்பது வருஷம் பழையது, இப்போது வந்திருக்கிற பாதிச் சாமான்களை அவர் கண்ணால் கண்டதில்லை, யசோதா ஒரு கேள்வி கேட்டதும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். இரண்டாவது, இது பட்டாள ரகசியம். அவர் சொல்லித்தான் எல்லாப் படத்துக்கும் மஞ்சள் துணியில் சின்னத் திரை தைத்து மாட்டினார்கள், சிலிண்டர் போடுகிறவர் தெருமுனையில் மணி அடித்தால் ஊர் முழுக்கத் திரை இறங்கும், அவர் போனதும் ஏறும். ஒருமுறை எங்கிருந்தோ இரண்டு அதிகாரிகள் ஜீப்பில் வந்து வீடு வீடாகப் படத்தைப் பார்த்தார்கள், அன்றைக்கு ஒரு துப்பாக்கியும் அசையவில்லை, கலர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரும் கவனிக்கவில்லை, கவனிக்க விரும்பவில்லை என்றும் சொல்லலாம். சுலோசனாவின் மகன் லீவில் வந்து, கூடத்தில் உட்கார்ந்து ஏழாவது இட்லி தின்றுகொண்டிருந்த காலையில், அவன் தலைக்கு மேலே படத்தில் துப்பாக்கிக்குப் புதிய துணி சுற்றப்பட்டிருந்தது. "அங்க எவனாவது சுத்தியிருப்பான்" என்று சொல்லிவிட்டு அவன் சட்னியைக் கேட்டான். வீட்டில் இருந்தவர்களும் சட்னியைப் போட்டார்கள்.

இனி ஜமுனா. என் பஸ்ஸில் இன்ஜின் மூடிக்குப் பக்கத்துச் சீட் அவளுடையது, பின்னால் உட்கார்ந்தால் அவளுக்கு வாந்தி வரும். வயது முப்பத்திரண்டு, செக்கிங் டேபிளில் பதினேழாம் நம்பர், அவள் முத்திரை குத்திய ஷூ திரும்பி வந்ததே இல்லை. அவள் புருஷன் உமாபதி ஹவில்தார், ஆறடி இரண்டங்குலம், என் பஸ்ஸில் ஏறினால் குனிந்துதான் நிற்பான். கடைசி லீவில் வந்தபோது துப்பாக்கியின் தோள்வாரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான், கொக்கி கிட்டே பிரிந்திருந்தது, ஸ்டோரில் கேட்டால் வேறு தருவார்கள், அவனுக்குப் பழகிய வார்தான் வேண்டும். ஜமுனா கம்பெனியில் பாதுகாப்பு ஷூவுக்குப் போடுகிற ஆரஞ்சு மெழுகு நூலால் ஒரு கட்டம் தைத்து, அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி தைத்துக் கொடுத்தாள். அவன் போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாள் அந்த ஆரஞ்சுக் கட்டம் சுவரில் இருந்த படத்தில் வந்தது. அவள் மாமியார் ராஜகாந்தம் தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

அடுத்த ஆவணியில் ஒரு தகவல் வந்தது. மலையில் ஒரு ஆறு இரவோடு இரவாகப் பெருகிப் பாலத்தைக் கொண்டுபோய்விட்டது, உமாபதியைக் காணவில்லை, தேடுகிறோம் என்றார்கள். இறந்தான் என்று சொல்லவில்லை. படத்தில் துப்பாக்கி சேறும் சகதியுமாகக் கிடந்தது, பதினைந்து நாள் அப்படியே கிடந்தது, அந்தப் பதினைந்து நாளும் ஜமுனா வேலைக்கு வந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள், சேலையைச் சரி செய்தாள், மறுபடி உட்கார்ந்தாள், கம்பெனி வரும்வரை அவள் கால்விரல்கள் பஸ்ஸின் தகரத்தில் தாளம் போட்டுக்கொண்டே வந்தன. பதினாறாம் நாள் காலை படத்தில் துப்பாக்கி பளிச்சென்று துடைத்து, எண்ணெய் போட்டு, வார் மாட்டி இருந்தது.

ஊரே அந்த வீட்டுக்கு ஓடியது. துடைச்சிருக்கான், அப்ப ஆள் கீறான், இவ்வளவுதான் கணக்கு. ராஜகாந்தம் கெங்கையம்மன் கோயிலில் பொங்கல் வைத்தாள், நான்கூட அன்றைக்குப் பத்து நிமிஷம் பஸ்ஸை நிறுத்திப் பொங்கல் வாங்கித் தின்றேன். வேம்புலி மட்டும் வரவில்லை, முட்டி வலி என்று சொல்லி அனுப்பினார்.

அதற்கப்புறம்தான் ஜமுனா என் கியர் ராடைப் பார்க்க ஆரம்பித்தாள். முதலில் எனக்குப் புரியவில்லை. அந்த ராடின் குமிழ் உடைந்து நான் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருந்தேன், காலையில் ஏறியதும் அதைப் பார்ப்பாள், வெளியே பார்ப்பாள், திரும்ப அதைப் பார்ப்பாள். ஒருநாள் பள்ளிகொண்டா தாண்டியதும் கேட்டாள்.

"பரந்தாமண்ணா, இந்த டேப்ப நீதான் சுத்துனியா?"

"பின்ன, கலெக்டரா வந்து சுத்துவாரு?"

"எந்தக் கையால?"

"பீச்சாங்கையால. எனக்கு அத்தான் பழக்கம். எங்கம்மா சூடு வெச்சும் மாறல."

அவள் கட்டைவிரலை அந்த டேப்பின்மேல் ஓட்டினாள். "சாயங்காலம் வீட்டாண்ட வந்து ஒரு தபா படத்தப் பாரு. எனக்கு மட்டும் சொல்லு" என்றாள். பின்னாலிருந்த இருபத்தேழு பேரும் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே பார்த்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன்.

சாயங்காலம் போனேன். பட்டாளத்துக்காரன் படத்தை அவ்வளவு கிட்டத்தில் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, என் தட்டைக்கால் விஷயம் தெரிந்த ஊர் என்பதால் நான் அந்தச் சுவர்கள் பக்கம் போவதே இல்லை. உமாபதி துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வாரின் கொக்கி நான்கு விரல் மேலே ஏறி, வார் குட்டையாகியிருந்தது. துப்பாக்கியின் முன்பக்கம் புதிதாகக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது, ஒன்றன்மேல் ஒன்று ஏறின அதன் விளிம்புகள் எல்லாம், என் கியர் ராடில் இருக்கிற மாதிரியே, மற்றவர்கள் சுற்றுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

ராஜகாந்தம் உள்ளேயிருந்து வந்தாள். "இன்னா டிரைவரு, நீயும் வந்துட்ட? பாரு, எம் புள்ள எளச்சிட்டான், வார சின்னதாக்கிக்கினான். அங்க இன்னா சோறு போட்றானுவளோ."

நான் ஜமுனாவைப் பார்த்தேன். அவளுக்கு மட்டும் சொல்ல வந்தவன் நான். ஆனால் அந்த டேப்பைப் பார்த்ததும், இந்த உலகத்தில் என்னை மாதிரி சுற்றுகிற இன்னொருத்தன் இருக்கிறான் என்கிற நினைப்பில் வாய் முந்திக்கொண்டது.

"உமாபதி சோத்தாங்கைக்காரனாச்சேம்மா. இத்தச் சுத்துனவன் பீச்சாங்கைக்காரன். குள்ளமா இருப்பான்" என்றேன்.

ராஜகாந்தம் படத்தையே பார்த்தாள், சட்டத்தின் கீழ் ஓரத்தைத் தொடப் போனாள், கையை எடுத்துக்கொண்டாள். "நீ பஸ்ஸ ஓட்டு. அத்த மட்டும் ஓட்டு" என்றாள் என்னிடம். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே வந்தேன், என்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

மறுநாள் பஸ்ஸில் ஜமுனா எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பிக் கேட்டாள். "உங்களுக்கெல்லாம் தெரியும் இல்ல?" இருபத்தேழு செக்கிங் பெண்கள், ஒரு நூல் இழை பிசகினாலும் கண்டுபிடிக்கிறவர்கள், ஆளாளுக்குக் கோயிலில் பொங்கல் வைத்த அன்றைக்கே கொக்கியைப் பார்த்திருக்கிறார்கள், அடுத்த வாரம் டேப்பைப் பார்த்திருக்கிறார்கள், ஒருத்திக்கொருத்திகூடச் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கடைசியில் சுலோசனாதான் வாயைத் திறந்தாள். "படம் ஆளப் பாக்கலடி. துப்பாக்கியத்தான் பாக்குது. எம் பையன் இட்லி துன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிப்போச்சி." அன்று மாலை வேம்புலியும் ராஜகாந்தத்தின் வாசலுக்கு வந்து, உட்காராமல் நின்றபடி, துப்பாக்கி ஆளுடையது இல்லை, பட்டாளத்துடையது, ஒருத்தன் இல்லாவிட்டால் அடுத்தவன் கைக்குப் போகும், எனக்கு முதல் நாளே தெரியும், சொல்லத் தைரியம் வரவில்லை என்று சொல்லிவிட்டு முட்டி வலியோடு போனார்.

ஆனாலும் ராஜகாந்தம் பூப் போட விடவில்லை. துப்பாக்கி கை மாறியதென்றால் அவன் செத்தான் என்று யார் சொன்னது, எங்கேயாவது கரை ஒதுங்கியிருப்பான், பேர் மறந்திருப்பான் என்றாள். ஜமுனாவால் அழவும் முடியவில்லை, அழாமல் இருக்கவும் முடியவில்லை. பொட்டை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். அந்தப் பீச்சாங்கைக்காரன்மேல் அவளுக்கு அப்படி ஒரு கோபம், என் புருஷன் தோளில் கிடந்த வாரைக் குட்டையாக்க இவன் யார் என்று என்னிடமே கேட்டாள், நான் என்னவோ அவனுக்குச் சொந்தக்காரன் மாதிரி.

மாசி பிறந்தபோது வேறொன்று நடந்தது. படத்தில் ஆரஞ்சுக் கட்டத்தின் ஒரு தையல் விட்டது. இரண்டு நாளில் இன்னொன்று. துப்பாக்கி முக்காடு போட்டிருந்தது, மூக்கையும் மூடியிருந்தது, கொண்டையும் போட்டிருந்தது, அந்தப் பாரம் எல்லாம் அந்த வாரில்தான் தொங்கியது. பனிக்கு மேலே மலைச்சரிவில் ஒருத்தன் நடக்கும்போது வார் அறுந்தால் என்ன ஆகும் என்று ஜமுனா வேம்புலியிடம் கேட்டாள், அவர் மீசையைத் தடவினார். அவள் டேபிளில் தப்புக் கண்டுபிடிக்க முடியாமல் போயிற்று, கட்டைவிரல் ஷூவின்மேல் ஓடும், கண் எங்கேயோ இருக்கும், பதினேழாம் நம்பர் போட்ட ஒரு ஜோடி முதன்முறையாகத் திரும்பி வந்தது. நான்காவது தையலும் விட்ட ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, பின்பக்கத்து ஆணிகளை நெம்பி, கண்ணாடியை ஓரமாக வைத்து, படத்தாளை மடியில் போட்டுக்கொண்டு ஊசியில் ஆரஞ்சு நூலைக் கோத்தாள். இதை எனக்குப் பின்னால் சொன்னது ராஜகாந்தம்.

"எவனோ ஒருத்தன் வாருக்கு நீ ஏன்டி தைக்கிற?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"வாரு எவனோடதா இருந்தா இன்னா அத்தை. தையல் என்னுது."

ராஜகாந்தம் கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் நடந்திருக்கிறாள், அடுக்களைக்குப் போயிருக்கிறாள், வந்திருக்கிறாள், அப்புறம் எதிரில் உட்கார்ந்து, தாள் கிழியாமல் இருக்க இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஜமுனா படத்துக்குள்ளே ஊசியை விட்டு நான்கு தையல் போட்டாள். மகன் முகத்தில் ஊசி பட்டுவிடுமோ என்று தான் பயந்ததாக ராஜகாந்தம் சொன்னாள்.

மறுநாள் காலை படத்தின் மேலே தொங்கிய நூல் உள்ளே போய்விட்டிருந்தது, தாளில் ஓட்டைகள் மட்டும் இருந்தன, வாரில் நான்கு புதிய தையல் இருந்தது.

ஐப்பசியில் ஒரு காலை, நான் அரசமரத்தடியில் முதல் ஹாரன் அடித்தபோது டவுன் பஸ்ஸிலிருந்து ஒருத்தன் இறங்கினான். குள்ளம், ஒட்ட வெட்டிய தலை, தோளில் பட்டாளத்துப் பை. நேராக என் ஜன்னலுக்கு வந்து, "அண்ணா, உமாபதி ஹவில்தார் வீடு?" என்றான். கேட்டுக்கொண்டே பையை இறக்கி வைத்தான், இடது கையால். நான் இரண்டாவது ஹாரனை அடிக்கவில்லை. சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினேன், நான் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அந்த மரத்தடியில் இன்ஜினை நிறுத்தியதில்லை. ஏறி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் ஒருத்தி பின் ஒருத்தியாக இறங்கினார்கள்.

அவன் பெயர் அப்பலநாயுடு, ஸ்ரீகாகுளம் பக்கம், கூட இருந்த பையன்களிடம் கற்றுக்கொண்ட தமிழ். ஸ்டோரில் புதிய வார் கொடுத்துவிட்டார்கள், பழசைக் கேட்டு வாங்கிக்கொண்டு, முகவரியை ஆபீஸில் எழுதி வாங்கி, லீவில் ஊருக்குப் போவதற்கு முன்னால் காட்பாடிக்கு வந்து இறங்கியிருக்கிறான். வாரைப் பையிலிருந்து எடுத்து ராஜகாந்தத்தின் முன்னால் நீட்டினான்.

"அம்மா, மாசி மாசம் இது பிரிஞ்சி போச்சு. நான் தைக்கல. ஒருநாள் காலைல பாத்தா தைச்சிருக்கு. அன்னிக்கி சரிவுல கால் வழுக்கிட்டேன், துப்பாக்கி கல்லுல மாட்டிக்கிச்சு, நான் இந்த வாரைப் பிடிச்சி அரை மணி நேரம் தொங்கினேன். யாரு தைச்சாங்கன்னு கேக்க வந்தேன்."

ஜமுனா வாரை வாங்கிக் கட்டைவிரலை ஓட்டினாள். புதிய நான்கு தையலின் இடுக்குகளில் படத்தாளின் வெள்ளைத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. "இந்த நாலும் லூஸு. தாளு வழுக்கிச்சி" என்றாள்.

ராஜகாந்தம் அவனைத் தனக்கு எதிரில் உட்காரவைத்தாள். எங்கள் பக்கத்தில் தெலுங்கு தெரியாதவர்கள் குறைவு, அவள் பாதி அதிலும் பாதி இதிலுமாகக் கேட்டாள். "துப்பாக்கி உனுக்கு எப்பிடி வந்துச்சி?"

"ஆத்தங்கரையில மரத்துல கிடைச்சது அம்மா. நான் அப்ப அங்க இல்ல, எடுத்தவங்க சொன்னாங்க."

"கெடச்சதுன்னா? தண்ணி கொண்டாந்து போட்டுச்சா?"

"இல்ல. மாட்டி வெச்சிருந்தது. உயரமான கிளை, நமக்கெல்லாம் எட்டாது. வாரைக் கிளையில ரெண்டு சுத்து சுத்தி, கொக்கி போட்டு. வெள்ளம் அடிச்ச சேறு மட்டும் அப்பியிருந்ததாம்."

"கொக்கி போட்டிருந்துச்சா?"

"போட்டிருந்தது அம்மா. தண்ணியில ஒரு ஆள் போனானாம். அவனை எடுக்க இறங்கினாரு. ரெண்டு பேரும் வரல."

ராஜகாந்தம் தலையாட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். "பள்ளிக்கூடத்துப் பையக்கூட அப்பிடித்தான் மாட்டுவான். ரெண்டு சுத்து. நாம எடுக்க முடியாம" என்றாள். அப்புறம் ஜமுனாவைப் பார்த்து, "அடிச்சிக்கினு போவல, ஜமுனா. கழட்டி வெச்சிட்டு எறங்கியிருக்கான்" என்றாள். ஜமுனா வாரை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை மூடிக்கொள்ளாமல், எல்லோரும் பார்க்க அழுதாள். ஆவணியிலிருந்து ஆவணி, அதற்கு மேல் இரண்டு மாதம், அவ்வளவு நாள் சேர்த்து வைத்த அழுகை. வாசலில் நின்ற இருபத்தேழு பேரும் அழுதார்கள், நானும்தான், எனக்கென்ன வெட்கம்.

அன்றைக்கு என் பஸ் ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. ஜமுனா வேலைக்கு வரவில்லை, ஆனால் பஸ்ஸில் ஏறி வழக்கமான சீட்டில் உட்கார்ந்து, பள்ளிகொண்டா வந்ததும், "அண்ணா, பூக்கடையாண்ட ஒரு நிமிசம் நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். ஒரு மாலை வாங்கிக்கொண்டு, அதை முந்தானையில் மறைக்காமல், கையில் பிடித்தபடி எதிர்ப்பக்கம் நின்ற டவுன் பஸ்ஸில் ஏறி ஊருக்குத் திரும்பினாள். மாலையை மாட்டியது ராஜகாந்தம். சாப்பிட்டுவிட்டு அப்பலநாயுடு கிளம்பும்போது, அவன் கேட்காமலேயே படத்தருகில் போய், சட்டத்தின் கீழ் ஓரத்தை இடது கைவிரலால் தொட்டான் என்று சொன்னார்கள்.

இப்போது ஊரில் மாலை போட்ட பட்டாளத்துப் படம் அது ஒன்றுதான். அதில் உமாபதி சிரித்துக்கொண்டே நிற்கிறான், அவன் கையில் இருக்கும் துப்பாக்கி மட்டும் மாலைக்கு அடியில் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. புதிய வாரில் ஜமுனாவின் தையல் ஒன்றும் இல்லை. ஸ்ரீகாகுளத்தில் அப்பலநாயுடுவின் அம்மா வீட்டுச் சுவரிலும் மகன் படம் இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கத்துப் படங்கள் எல்லாம் எடுத்தது எடுத்தபடியே இருக்கின்றன, அவளுக்கு ஒரு தகவலும் வருவதில்லை. அதனால் தினமும் ஆறரைக்கு ராஜகாந்தம் பல் தேய்த்துவிட்டு, மாலையை ஒரு விரலால் விலக்கித் துப்பாக்கியைத் தலையிலிருந்து வால்வரை பார்த்துவிட்டு, அந்த அம்மாளுக்குப் போன் போடுகிறாள். நான் முதல் ஹாரன் அடிக்கும்போது அவள் குரல் தெருவுக்குக் கேட்கும், முக்காடு போட்டிருக்கிறது, அங்கே பனி, டேப்பை மாற்றியிருக்கிறான், சுத்தமாகத் துடைத்திருக்கிறான் என்று தெலுங்கில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில், "பாகுன்னாடம்மா, நீ கொடுகு பாகுன்னாடு, உன் புள்ள நல்லா கீறான்" என்பாள். ஜமுனா அதுவரை பஸ் படியில் கால் வைக்க மாட்டாள். நானும் இரண்டாவது ஹாரன் அடிப்பதில்லை.